சல்லடையில் மட்டும் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மூடிய இடத்தில் நிற்பதில்லை, சமையலறையில் ஒரு டப்பாவுக்கும் உருப்படியான மூடி இல்லை, மாடிவீட்டுப் பல் மருத்துவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருப்பதில்லை. இவை மூன்றுக்கும் காரணம் தங்கள் இதழின் நாற்பத்திரண்டாம் பக்கம். ஆகவே நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பதினேழு ஆண்டுகளாகத் தங்கள் இதழின் சந்தாதாரர். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் ஈரம் சேராது என்ற அரிய கண்டுபிடிப்பைத் தாங்கள் ஒன்பது தடவை, ஒன்பது வெவ்வேறு வாசகியரின் பெயரில் வெளியிட்டபோதுகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். இது பிரசுரத்துக்கு அல்ல. காரணம் போகப்போகத் தெரியும்.

இந்த ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தவர்களுக்கு இலவசமாக ஒரு மூலிகை அரைப்பான் அனுப்பினீர்கள். அரைப்பான் என்ற பெயர் தாங்கள் வைத்தது. நான் பார்த்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்ட உலோக டப்பா. மேல் மூடியில் பல், நடுத்தட்டில் பல். நடுவே காய்ந்த இலையைப் போட்டுத் திருக வேண்டும். இலை தூளாகி, தட்டின் துளைகள் வழியாக இறங்கி, அதன் அடியில் பொருத்திய கம்பிச் சல்லடையில் சலிக்கப்பட்டு, கீழ்க் கிண்ணத்தில் விழ வேண்டும். எங்களுக்கு வந்தது திருகினால் கிறீச்சிட்டது. அதைத் தவிர எதையும் செய்யவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ஏனென்றால் அடுத்த இதழிலேயே, பொருளை மாற்றித் தருவதற்குப் பதிலாக, 'மலிவு அரைப்பானை மேன்மையாக்கும் எளிய வழிகள்' என்று ஒரு தொடரை ஆரம்பித்துவிட்டீர்கள். ஓட்டைக் குடையைக் கையில் கொடுத்துவிட்டு, குடை தைப்பது எப்படி என்று வகுப்பெடுக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

எழுதுகிறவர் யாரோ சுத்தியல் சித்தப்பாவாம். படத்தில் பார்த்தேன். ஒரு கையில் சுத்தியல், முகம் நிறையச் சிரிப்பு. இரண்டும் சேர்ந்து இருக்கிறவர்களை நான் நம்புவதில்லை. பத்து வரிக்கு ஒரு முறை 'அட, இவ்வளவுதானா என்பீர்கள்!' என்று எழுதுகிறார். நாங்கள் ஒரு முறைகூட அப்படிச் சொல்லவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தொடர் செய்த நாசம் விளங்கும். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் தரச் சோதகராக இருந்தார். ஓடுகிற பட்டையில் வரிசையாக மூடிகள் வரும். விளிம்பு நெளிந்ததையும் கீறல் விழுந்ததையும் கண்ணால் பார்த்துக் கையால் எடுத்து வெளியே போட வேண்டும். போன வருடம் அந்த இடத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். கேமரா சாப்பிடப் போகாது என்று மேலாளர் விளக்கம் சொன்னாராம். இவர் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அது ஓடவில்லை. "இதை எந்தக் கேமரா பார்த்து அனுப்பிச்சுதோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எட்டு மாதம் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். திரும்பிப் போய் உட்காருவார். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் புண்படுவார் என்று நினைத்தேன். நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். இயல்பாகவே அதிகம் பேசாதவள். பேசுகிற கொஞ்சமும் வகுப்பிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு நாள் மாலை கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. மனுஷர் சமையலறைத் தொட்டியில் குனிந்து நின்றுகொண்டு அந்த டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கள் இதழ் விரிந்து கிடந்தது. முதல் பகுதி: மூடி திருகும் மரைகளில் உலோகத் தூள் ஒட்டியிருக்கும், வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்க்கவும். பழையது எது என்பதை உங்கள் சித்தப்பா விளக்கவில்லை.

"என் பிரஷ் எங்க?" என்றேன்.

"நீலமா இருந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

"அது பழசு மாதிரி இருந்துச்சு."

"போன வாரம் வாங்கினது! கேட்டுட்டு எடுக்கக் கூடாதா? வீட்டுல மனுஷி ஒருத்தி இருக்கான்னு நெனப்பு வேணாம்?"

"அப்ப நீ ரொம்ப அழுத்தித் தேய்க்கறே" என்றார், தலையைத் தூக்காமல். "பல்லு தேஞ்சுடும்."

எட்டு மாதத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் பகுதி மெழுகு. மரையில் மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்த்தால் கிறீச் சத்தம் போகுமாம். "இலேசான்னு போட்டிருக்கு" என்று எடுத்துக் காட்டினேன். "எழுதறவங்க எப்பவும் குறைச்சுத்தான் எழுதுவாங்க. நாம கூட்டிக்கணும்" என்று சொல்லி, உருக்கி ஊற்றினார். மறுநாள் மூடி திரும்பவில்லை. நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்தும் திரும்பவில்லை. கடைசியில் குளியலறைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில், கீல் பக்கமாக, மூடியைச் செருகிக் கதவை நெருக்கித் திருகினார். மூடி திறந்தது. கீலும் கையோடு வந்தது. கீலைத் திரும்ப முடுக்கிவிட்டு, மிச்சமிருந்த மெழுகை அதில் பூசினார். இப்போது அந்தக் கதவு சின்னச் சத்தம்கூட இல்லாமல், ஒருவரும் தொடாமல், தானாகத் திறந்துகொள்கிறது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமானால் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பாடுகிறார். நான் பாடுகிறவள் அல்ல. பகா எண்களை வரிசையாகச் சொல்கிறேன். குளிக்கும் நாட்களில் நூற்றுத் தொண்ணூற்றேழு வரை போகிறது.

மூன்றாம் பகுதி வளையம். மூடிக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வெட்டி வைத்தால் வழுக்கிக்கொண்டு சுற்றுமாம். பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? சமையலறை டப்பா மூடிகள் இருக்கின்றனவே, 'அட, இவ்வளவுதானா!' உங்கள் சித்தப்பா ஒரு மூடியை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் மூடி சோதித்தே இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்த ஒருவர் அதைப் படிப்பார் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பத்தொன்பது மூடிகளை வெட்டினார். வெட்டியதை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தேறாது", "தேறாது" என்று பதினெட்டை ஒதுக்கினார்.

"இன்னிக்கு என்ன கெடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தேன். அதற்குள் அது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குத்தான் வருவேன்.

"ஒண்ணும் கெடுக்கல. ஒண்ணு தேறியிருக்கு பாரு."

"சர்க்கரை டப்பாவுக்கு மூடி?"

"தட்டு வெச்சு மூடிக்கலாம்."

எறும்புகளுக்குத் தட்டு ஒரு பொருட்டல்ல. தங்கள் இதழில் எறும்புக்கு ஏதாவது குறிப்பு வந்தால் அதை நான் படிக்கும் முன் கிழித்துவிடுவேன்.

நாலாம் பகுதியில்தான் வீட்டுக்குள் இரண்டாவது ஆள் நுழைந்தார். பற்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்றை அராவி எடுத்துவிடுங்கள் என்று உங்கள் சித்தப்பா எழுதியிருந்தார் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை, இவர் அரம் போட்டு அராவ ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் மாடிவீட்டுப் பல் மருத்துவர் கைலியோடு இறங்கி வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஆறு நாளும் நான் கேக்கறது இதே சத்தம்தான். ஏழாவது நாளும் கேட்டா நான் எங்க சார் போவேன்?"

என் கணவர் மன்னிப்புக் கேட்கவில்லை. டப்பாவைக் கையில் கொடுத்தார். டாக்டர் அதை ஜன்னல் பக்கம் சாய்த்து, "நல்லாத் திறங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"இது அத்தனையும் வெட்டுப்பல் சார். அரைக்கறதுக்குக் கடைவாய்ப்பல் வேணும். இப்படி நெருக்கமா இருந்தா இடுக்குல மாட்டிக்கத்தான் செய்யும்."

"அதைத்தான் சித்தப்பாவும் சொல்றார்."

"எந்தச் சித்தப்பா?"

"ஊசி போட்டு மரத்துப்போக வெச்சுட்டு எடுங்க டாக்டர்" என்றேன் நான். கேலியாகத்தான் சொன்னேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, "உலோகத்துக்குத் தேவைப்படாது மேடம்" என்று பொறுமையாக விளக்கினார். பிறகு மாடிக்குப் போய்த் தன் பழைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தம் பொறுக்காமல் வந்தவர் அன்று மதியம் வரை அதே சத்தத்தைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வருகிறார். படித்தவர்.

ஐந்தாம் பகுதி பிடிமானம்: மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. அதற்கு நான் பாத்திரம் கழுவும் கையுறையின் மணிக்கட்டுப் பகுதி போயிற்று. ஆறாம் பகுதி நாணயம்: கீழ்க் கிண்ணத்தில் ஒரு நாணயத்தைப் போட்டுக் குலுக்கினால் அது சல்லடையை அடியிலிருந்து தட்டித் தூளை இறக்குமாம். நாணயம், சட்டைப் பொத்தான், கோலிக்குண்டு, என் ஒற்றைத் தோடு என்று ஒவ்வொன்றாகப் போட்டு வீடெல்லாம் குலுக்கிக்கொண்டு நடந்தார். வேறு ஊரில் படிக்கும் எங்கள் மகள் தொலைபேசியில், "என்னம்மா சத்தம் அது, கிலுகிலுப்பையா? நான் இல்லாதப்ப எனக்குத் தம்பி ஏதும் பொறந்திருக்கானா?" என்றாள்.

தொழில்முறையில் ஒரு முடிவைச் சொல்கிறேன். ஆறு பகுதிகள், மூன்று மாதங்கள், இரண்டு ஆண்கள். கீழ்க் கிண்ணத்தில் இன்று வரை விழுந்த தூள்: பூஜ்யம். ஒரு கோப்பைத் தேநீரில் போடக் காய்ந்த புதினா வேண்டுமென்றால் நான் இரண்டு விரலால் நசுக்கிப் போட்டுக்கொள்கிறேன். மூன்று நொடி ஆகிறது. இந்த முறையைத் தாங்கள் தொடராக வெளியிட விரும்பினால் ஒரு பகுதிக்கு மேல் வராது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட நான் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன இதழின் கடைசியில் பெட்டி கட்டிப் போட்ட அறிவிப்பு. 'அடுத்த இதழில் ஏழாம் பகுதி: சல்லடையைக் கழற்றுவது எப்படி?'

அதை வெளியிடாதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் போடுங்கள். சல்லடையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சந்தாப் பார்சல் வந்த அன்று, இவர் அதைத் தொடுவதற்கு முன்னால், நான்தான் முதலில் அந்த டப்பாவைக் கழுவினேன். நடுத்தட்டில் விட்ட தண்ணீர் கீழே இறங்கவில்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். சல்லடையின் மேல் கண்ணாடி போல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. புதுப் பொருள்களில் கீறல் விழாமல் ஒட்டி அனுப்புவார்களே, அதுதான். ஓரத்தில் நக அளவுக்கு எழும்பியும் இருந்தது. இடுக்கியால் உரித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். எனக்குப் புதினாவைத் தூளாக்கும் அவசரம் எதுவும் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

அதற்குள் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இப்போது என் நிலைமையைத் தாங்களே யோசித்துப் பாருங்கள். உரித்தால் டப்பா வேலை செய்யும். டப்பா வேலை செய்தால் இவருக்கு வேலை இருக்காது. சரி, உரிக்காமல் சொல்லிவிடலாம் என்றால் எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு ஆண்டுகள் கண்ணை வைத்தே பிழைத்தவர்; அந்தக் கண்ணுக்குப் பதிலாகத்தான் கேமரா வந்தது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவும் மறுக்கிறார். 'மூன்று மாதமாக உங்கள் மூக்கடியில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை' என்று நான் எந்த வாயால் சொல்வேன்? மேலாளர் செய்தது சரிதான் என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா? போன ஞாயிறு டாக்டர், வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் தன் குட்டிக் கண்ணாடியைத் தட்டுக்குள் விட்டு, "சார், இந்த அடியில..." என்று ஆரம்பித்தார். கையிலிருந்த தேநீரை அவர் மடியில் கொட்டினேன். வேண்டுமென்றேதான். அவர் துள்ளி எழுந்தார், பேச்சு மாறியது. என் வாழ்நாளில் யார் மீதும் எதையும் கொட்டியவள் அல்ல நான். அடுத்த ஞாயிறு எதைக் கொட்டுவது?

ஆகவே ஏழாம் பகுதியை நிறுத்துங்கள். வேறு பொருளுக்குப் போகச் சொல்லுங்கள் உங்கள் சித்தப்பாவை. டப்பா திறப்பான், காய் துருவும் பலகை, எலிப்பொறி, எதுவானாலும் சரி. ஓட்டையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தங்கள் நிர்வாகத்துக்கு அது சிரமமான காரியம் அல்ல என்று அனுபவத்தில் அறிவேன்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் என் வணக்கங்கள். அச்சகத்தாருக்கும் சொல்லவும். சுத்தியல் சித்தப்பாவுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அனைவரும் நீடூழி வாழ்க. வாழும் வீட்டில் கதவு மூடுவதாக.

இப்படிக்கு,
பதினேழு ஆண்டுச் சந்தாதாரர்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையும் தபால்தலையும் தேடப் போனேன். காற்றில் பறக்காமல் இருக்கத் தாள்களின் மேல் அந்த டப்பாவையே வைத்துவிட்டுப் போனேன். மூன்று மாதத்தில் அதை உருப்படியாகப் பயன்படுத்தியது அப்போதுதான். திரும்பி வந்தால், டப்பாவை எடுக்க வந்தவர் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு கடைசித் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"நல்லா எழுதியிருக்கே" என்றார்.

கையிலிருந்த உறையை மேசையில் வைத்தேன்.

"சல்லடையில தாள் ஒட்டியிருக்கறது எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பலேருந்து?"

"மொத நாளே. தேய்க்கறப்ப தண்ணி எறங்கல. இருபத்திரண்டு வருஷம் மூடி பார்த்தவன் நான். இவ்வளவு பெரிய தாளு கண்ணுல படாதா? என்னைப் பத்தி என்னதான் நெனச்சிட்டிருந்தே நீ?"

"அப்ப ஏன் உரிக்கல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு வந்து பிரஷுக்காகச் சண்டை போட்டே பாரு. அதுக்கு முன்னாடி எட்டு மாசமா, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பாக்க வந்தவ மாதிரி, கால் சத்தம் கேக்காம நடந்துட்டிருந்தே. ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்குத்தான் என்கிட்ட கத்தினே. சரி, இது இப்பவே சரியாயிட வேணாம்னு விட்டுட்டேன்."

"டாக்டர்?"

"அவர் போன ஞாயிறே பாத்துட்டார். நான்தான் சொல்லாதீங்கன்னு கண்ணைக் காட்டிட்டிருந்தேன். அதுக்குள்ள நீ டீயைக் கொட்டிட்டே. பாவம் மனுஷன்."

"அப்ப குளியலறைக் கதவு?"

"அது நெஜமாவே தெரியாம நடந்தது."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். விடவில்லை. தரச் சோதனை முடிந்துவிட்டது, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றார். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் பென்சிலில் உள்ள சிறிய சரிக்குறி அவர் போட்டது. மூன்றாம் தாளில் மட்டும் பெருக்கல் குறி இருக்கும். பதினெட்டு வளையங்கள் தேறவில்லை என்று எழுதியது தவறாம். பத்தொன்பதும் தேறவில்லையாம். திருத்திப் படித்துக்கொள்ளவும்.

ஆகவே சல்லடையைப் பற்றி மேலே கோரியதை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏழாம் பகுதி தாமதமில்லாமல் வரட்டும். ஒரே இதழில் முடித்துவிட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லவும். நாங்கள் இன்னும் தாளை உரிக்கவில்லை. கடைக்குப் போய்ப் புதிய பல் பிரஷ் ஒன்று வாங்கி வந்தேன். நீலம்தான். தொட்டிக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.